லேமினேட் தரை எப்படித் தயாராகிறது? மேல்பக்கத்தை விட்டுவிட்டு விளிம்பைப் பாருங்கள்

சத்தியவேடு, வரதய்யபாளையம் வழியாகக் காளஹஸ்திப் பக்கம் போகிற ரோட்டில் தைலமரக் கட்டையும் சவுக்குக் கட்டையும் ஏற்றிய லாரிகளைப் பார்க்காமல் போக முடியாது. தொடைப் பருமன்கூட இல்லாத கட்டைகள். கதவு நிலைக்கு ஆகாது, கட்டிலுக்கும் ஆகாது, எந்த ஆசாரியும் கையில் எடுக்க மாட்டார். இவற்றை வாங்குவது காகித ஆலைகளும் பலகை ஆலைகளும்தான். காளஹஸ்திக்குப் பக்கத்திலேயே கிரீன்பேனல் நிறுவனத்தின் எம்.டி.எஃப். (மர நாரை அமுக்கிச் செய்யும் நடுத்தர அடர்த்திப் பலகை) ஆலை 2018 முதல் ஓடுகிறது. திருத்தணி, நகரி, புத்தூர் என்று எங்கே புது வீடு கட்டினாலும் இப்போது படுக்கையறைக்காவது லேமினேட் தரை போடலாமா என்று ஒரு பேச்சு வருகிறதல்லவா, அந்தத் தரையின் நடுப்பலகையும் இந்த மாதிரி ஒல்லிக் கட்டைகளில் இருந்துதான் பிறக்கிறது. பார்வைக்குத் தேக்கு, ஓக், வால்நட் என்று என்னவாக இருந்தாலும் சரி.

தரைப் பலகை ஒன்றைக் கையில் எடுத்துப் பக்கவாட்டில் பார்த்தால் நான்கு அடுக்கு. அடியில் ஒரு காகிதம், அதன் மேல் பழுப்பு நிறத்தில் கனமான பலகை, அதன் மேல் மரத்தின் படம் அச்சடித்த காகிதம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணுக்கே தெரியாத இன்னொரு காகிதம். எட்டு மில்லிமீட்டர் பலகையில் மூன்று காகிதமும் சேர்ந்து அரை மில்லிமீட்டர்கூட வராது. மீதி எல்லாமே அந்தப் பழுப்புப் பலகைதான், அதற்குப் பெயர் ஹெச்.டி.எஃப்., எம்.டி.எஃப்.-ஐவிட அடர்த்தி கூடிய நார்ப்பலகை. கடையில் எல்லோரும் படத்தைப் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். தரை பத்து வருஷம் வருமா, இரண்டு மழையோடு போய்விடுமா என்பதைத் தீர்மானிப்பது இந்தப் பலகையும் அதன் விளிம்பும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கட்டைகளின் பட்டையை உரித்து, சிப்பர் என்ற வெட்டும் இயந்திரத்தில் விட்டு, கட்டைவிரல் நகத்தளவு சில்லுகளாக்குகிறார்கள். அந்தச் சில்லுகளைக் கழுவியே ஆக வேண்டும், மணலோ கல்லோ உள்ளே போனால் பின்னால் வருகிற அரைக்கும் தட்டுகள் நாசமாகிவிடும். கழுவிய சில்லுகள் சில நிமிடங்கள் ஏறக்குறைய 170 டிகிரி நீராவியில், அழுத்தத்தோடு வேகின்றன. மரத்தில் நார்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருப்பது லிக்னின் என்ற இயற்கைப் பசை. சூடும் ஈரமும் சேர்ந்து வந்தால் அது இளகிவிடும். அந்த இளகிய நிலையிலேயே சில்லுகள் எதிரெதிராக நிற்கும் இரண்டு வரிப்பள்ளத் தட்டுகளுக்கு நடுவில் போகின்றன, வேகமாகச் சுற்றும் தட்டில் பட்டு நார்நாராகப் பிரிகின்றன. இங்கே மரம் தூளாக்கப்படுவதில்லை. மரத்தூளை ஒட்டினால் பொலபொலவென்று உதிர்கிற பலகைதான் கிடைக்கும். நார் முழுசாகப் பிரிந்து வந்தால்தான் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒரே பலம் கொடுக்கும். நீராவியால் மரத்தை நாராக்கலாம் என்பதை வைத்து அமெரிக்காவில் வில்லியம் மேசன் 1920-களிலேயே ஹார்ட்போர்டு செய்துவிட்டார், அந்த வழியின் தொடர்ச்சிதான் இது.

நார் நீராவியோடு குழாயில் சீறிக்கொண்டு போகும்போதே அதன் மேல் பசையைத் தெளிக்கிறார்கள். கூடவே கொஞ்சம் மெழுகும் சேர்கிறது. பசை பெரும்பாலும் யூரியாவும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த ரெசின். விலை குறைவு, சீக்கிரம் இறுகும், ஆனால் சூடும் ஈரமும் நாள்பட்டுத் தாக்கினால் பிணைப்பு விட்டுப்போகும். அதில் மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்தால் ஈரத்தை நன்றாகத் தாங்கும், விலையும் ஏறும். ஒரே படம், ஒரே கனம் உள்ள இரண்டு பலகைகளுக்கு விலையில் பெரிய வித்தியாசம் இருந்தால் காரணம் பல நேரம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. பலகையிலிருந்து காற்றில் கசியும் ஃபார்மால்டிஹைடு உடலுக்குக் கெடுதி, அதற்கு வரம்பு உண்டு, பெட்டியில் இ1 என்று போட்டிருப்பது அந்த வரம்புக்குள் இருக்கிறது என்பதற்கான குறி. படுக்கையறைக்குப் போடுகிறவர்கள் அதைப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

பசை பூசிய நாரை நீண்ட குழாயில் சூடான காற்றோடு ஓடவிட்டுச் சில நொடிகளில் உலர்த்தி, ஓடும் பட்டையின் மேல் மெத்தை போலப் பரப்புகிறார்கள். எட்டு மில்லிமீட்டர் பலகை கிடைக்க வேண்டுமானால் இந்தப் பரப்பு ஒரு ஜாணுக்கும் மேல் உயரம் இருக்கும். அதை முதலில் லேசாக அமுக்கி, அப்புறம் சூடான இரண்டு எஃகுப் பட்டைகளுக்கு நடுவில் அனுப்புகிறார்கள், சூடு 200 டிகிரிக்கும் மேல். பல மீட்டர் நீளமுள்ள பிரஸ் இது, ஒரு முனையில் நார் நுழைந்துகொண்டே இருக்கும், மறுமுனையில் பலகை வந்துகொண்டே இருக்கும்.

மர நார் சூட்டை எளிதில் கடத்தாது. அப்படியென்றால் நடுப்பகுதிக்குச் சூடு எப்படிப் போகிறது? மேற்பரப்பில் இருக்கிற கொஞ்ச ஈரம் நீராவியாகி உள்ளே பாய்கிறது, சூட்டைச் சுமந்து போவது அந்த நீராவிதான். ஈரம் குறைந்தால் நடுவில் பசை வேகாது. கூடினால் பிரஸ்ஸை விட்டு வெளியே வந்ததும் உள்ளே அடைபட்ட நீராவி பலகையைக் கொப்புளமாகப் பிளந்துவிடும். எவ்வளவு பெரிய இயந்திரமாக இருந்தாலும் இந்தச் சில சதவீத ஈரத்தைப் பிடித்து வைப்பதுதான் ஆலைக்காரர்களின் உண்மையான வேலை.

வெளியே வருகிற பலகையின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 850 கிலோ சுற்று, சிலது 900-ஐத் தாண்டும். தேக்கு சுமார் 650 கிலோதான். அதாவது ஆசாரி தொடாத சவுக்கையும் தைலத்தையும் நாராக்கி அமுக்கினால் தேக்கைவிடக் கனமான பலகை கிடைக்கிறது. ஆனால் இந்த இறுக்கத்துக்கு ஒரு விலை இருக்கிறது. மர நார் உள்ளே குழலானது, பிரஸ் அதைத் தட்டையாக நசுக்கி வைத்திருக்கிறது, பசைதான் அதை எழவிடாமல் பிடித்திருக்கிறது. தண்ணீர் புகுந்தால் நார் உப்பும், பசையின் பிடி தளரும், நசுங்கிய குழல்கள் மறுபடி எழும்பப் பார்க்கும். காய்ந்த பிறகு உப்பியதில் ஒரு பகுதி வடியும், மீதி அப்படியே நின்றுவிடும். லேமினேட் தரை ஒருமுறை ஊறினால் பழைய நிலைக்கு வராததற்குக் காரணம் இதுதான்.

சரி, மேலே இருக்கிற காகிதங்கள். உண்மையான மரத்தைத் துல்லியமாகப் படமெடுத்து, உருளை அச்சில் மூன்று நான்கு நிறங்களில் அச்சடிக்கிறார்கள். உருளை ஒரு சுற்று வந்ததும் படம் திரும்ப வருமாதலால் ஒரே மரக்கணு பல பலகைகளில் வரும். விவரமான ஆட்கள் நாலைந்து பெட்டிகளை ஒன்றாகப் பிரித்துக் கலந்துதான் போடுவார்கள். அச்சான காகிதத்தை மெலமைன் ரெசினில் முக்கிப் பாதி மட்டும் இறுகும்படி உலர்த்தி வைக்கிறார்கள். மிச்ச இறுக்கம் பிரஸ்ஸுக்கு.

மேலுறைக் காகிதமும் அப்படித்தான் ரெசினில் முங்குகிறது, ஆனால் அதில் அலுமினியம் ஆக்சைடு துகள்களும் சேர்கின்றன. பிரஸ்ஸுக்குள் போகும்போது அது வெள்ளையாகத்தான் இருக்கும், வரும்போது காணாமல் போயிருக்கும். பஜ்ஜி மடித்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் ஒளி ஊடுருவுகிற மாதிரி, நார்களுக்கு இடையிலிருந்த காற்றை ரெசின் நிரப்பிவிடுவதால் கீழே உள்ள படம் தெளிவாகத் தெரிகிறது. அலுமினியம் ஆக்சைடு என்பது குருந்தம், மாணிக்கமும் நீலக்கல்லும் அதே கனிமம்தான். மோஸ் கடினத்தன்மை அளவில் அதற்கு 9. செருப்போடு வீட்டுக்குள் வருகிற மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ், அதற்கு 7. தரையைத் தேய்த்து அழிப்பது நம் கால் இல்லை, காலுக்கடியில் மாட்டுகிற மணல்தான். அதைவிடக் கடினமான துகளை மேலே வைத்ததில்தான் இந்தத் தரையின் ஆயுள் இருக்கிறது. துகள்களுக்கு நடுவில் இருப்பது வெறும் ரெசின் என்பதால் கீறலே விழாது என்று நம்பிக் கட்டிலை இழுக்க வேண்டாம். ஏசி3, ஏசி4 என்ற குறிகள் இந்தத் தேய்மானத்துக்கானவை. மாதிரித் துண்டைச் சுழலவிட்டு உப்புத்தாள் ஒட்டிய சக்கரங்களால் தேய்க்கிறார்கள், படம் அழியத் தொடங்கும் வரை எத்தனை சுற்று என்று எண்ணுகிறார்கள். ஏசி4 என்றால் 4000 சுற்றாவது தாங்க வேண்டும்.

நாலு அடுக்கையும் சேர்த்து அமுக்கும் கடைசிப் பிரஸ் 180 டிகிரிக்குக் குறையாத சூட்டில் அரை நிமிடத்துக்குள் வேலையை முடித்துவிடுகிறது. ரெசின் உருகி, பலகையில் இறங்கி, ஒருதரம் இறுகிவிட்டால் மறுபடி உருகாது. மேல்தட்டு குரோமியம் பூசிய எஃகு, மர வரிகள் அதில் செதுக்கப்பட்டிருக்கும், கை வைத்தால் தட்டுப்படும் சொரசொரப்பு அங்கிருந்து வருகிறது. அடியில் ஏன் ஒரு காகிதம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று தோன்றும். ரெசின் இறுகும்போது சுருங்கும். மேலே மட்டும் ஒட்டினால் பலகை அந்தப் பக்கமாக வளைந்துவிடும், அதைச் சமன் செய்யத்தான் அடிக்காகிதம்.

ஸ்வீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் 1977-இல் லேமினேட் தரையைக் கண்டுபிடித்தது, பெர்கோ என்ற பெயரில் 1984-இல் விற்பனைக்கு வந்தது. அப்போதெல்லாம் பலகைகளைப் பசை தடவித்தான் ஒட்டினார்கள். 1996-இல் ஸ்வீடனின் வேலிங்கேவும் அடுத்த வருஷம் பெல்ஜியத்தின் யூனிலினும் பசையில்லாமல் சொருகும் பூட்டைக் கொண்டுவந்த பிறகுதான் ஒரே நாளில் ஓர் அறைக்குத் தரை போடுவது சாத்தியமானது. பெரிய பலகையைச் சில நாள் ஆறவிட்டு, கீற்றுகளாக அறுத்து, நாலு பக்கமும் இந்தப் பூட்டைக் கடைகிறார்கள். குருந்தம் சாதாரண அலகைத் தின்றுவிடும் என்பதால் வைர அலகு.

அந்தக் கடைசல்தான் பலவீனமும். மேலே மெலமைன், கீழே மெலமைன், தண்ணீர் அண்டாது. ஆனால் நாலு விளிம்பிலும் வெறும் நார் திறந்து கிடக்கிறது. நல்ல ஆலைகள் அங்கே மெழுகு ஏற்றுகின்றன. அது சிந்திய தண்ணீரைத் துடைக்கும்வரை தாங்கும், ஊறவிட்டால் தாங்காது. நம் பக்கத்து வீடுகளில் வெள்ளிக்கிழமை வாளி வாளியாக ஊற்றிக் கழுவுவதைக் கடப்பாக்கல்லும் மொசைக்கும் தாங்கும், இது தாங்காது. தரை போட்ட வீட்டில் பாட்டி துடைப்பத்தோடு வந்தால், “கழுவாதீங்க பாட்டி, பிழிஞ்ச துணியால தொடைங்க போதும்” என்று சொல்லியே ஆக வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் காற்றின் ஈரத்துக்கே பலகை சற்று விரியும். சுவரோரம் எட்டு பத்து மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கால் மூடாவிட்டால் விரிய இடமில்லாமல் நடுவில் எழும்பி நிற்கும். தரைத்தளமென்றால் சிமெண்டிலிருந்து ஏறும் ஈரத்தைத் தடுக்க, பலகைக்குக் கீழே விரிக்கும் ஃபோமுக்கு அடியில் பாலித்தீன் விரிப்பதும் கட்டாயம். குளியலறை வாசலுக்கும் துணி துவைக்கிற இடத்துக்கும் இது வேண்டவே வேண்டாம்.

வாங்குவதற்கு முன்னால் கடையில் ஒரு மாதிரித் துண்டு கேட்டு வாங்குங்கள். விளிம்பை நகத்தால் கீறிப் பாருங்கள், நார் உதிர்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். உதிராவிட்டால் வெர்னியரில் கனத்தை அளந்து, 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு, விளிம்பில் மறுபடி அளந்து பாருங்கள். ஆய்வகச் சோதனையும் 24 மணி நேரம்தான், தரமான தரைகளின் விவரத்தாளில் வீக்கம் 18 சதவீதத்துக்குள் என்று போட்டிருப்பார்கள். எட்டு மில்லிமீட்டர் துண்டு 9.4-க்குள் நின்றால் பேரத்தைத் தொடங்கலாம்.