லாக்கர் வாங்கும் முன் லயன் கரையை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்

போன வாரம் ஒரு பழைய ஜீப்பை என் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். ஆற்றங்கரையில் போய்க்கொண்டிருந்த வண்டி, பின்பக்கம் சரிந்து பக்கத்து வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. தண்ணீர் முழங்கால் அளவுதான். ஓட்டிய தம்பிக்கு அடி ஒன்றும் இல்லை. பின் ஆக்ஸில் கூட்டைத் திறந்து பார்த்தேன். டிஃபரன்ஷியலுக்குள், அதாவது திருப்பும்போது இரண்டு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற கியர்த் தொகுதிக்குள், ஸ்டார் பினியனையும் சைடு கியரையும் சேர்த்து வெல்டிங் வைத்திருந்தது. வெல்டிங் ஒரு பக்கம் விண்டு, உடைந்த துண்டு கிரவுன் வீல் என்கிற பெரிய பல் சக்கரத்துக்குள் மாட்டி, இரண்டு மூன்று பல்லையும் கொண்டுபோயிருந்தது. இடது ஆக்ஸில் ஷாஃப்டின் நுனியில் இருக்கிற ஸ்ப்லைன் வரிப்பற்கள் முறுக்கிக்கொண்டு நின்றன. "லாக்கர் விலை கட்டுபடியாகலைண்ணே. வெல்டிங் வச்சா அதே வேலைதான்னு சொன்னாங்க" என்றார் அந்தத் தம்பி.

அதே வேலை இல்லை, தம்பி. லாக்கர் என்பது தேவைப்படும்போது மட்டும் இரண்டு பக்கச் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும்படி டிஃபரன்ஷியலைப் பூட்டுகிற சாமான். இதைப் பட்டறையில் நின்று ஆள் ஆளுக்குச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

லாக்கர் விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி நல்லது?" என்றுதான். வண்டி எங்கே ஓடப்போகிறது, வாரத்தில் எத்தனை நாள் தார் ரோட்டில் ஓடுகிறது, என்ன டயர் என்பதை நானாகத்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாக்காரர் பாறையில் ஏறுகிற வீடியோவைப் பார்த்துவிட்டு, நீடாமங்கலம் பக்கத்து வயல் பாதைக்கு அதே சாமானை வாங்கினால் எப்படிச் சரிவரும்? கல்லணைக்குக் கிழக்கே நமக்குப் பாறை ஏது? இருப்பதெல்லாம் களிமண், வண்டல், ஆற்று மணல், கரை. இந்த நான்குக்கும் என்ன வேண்டுமோ அதைத்தான் வாங்க வேண்டும்.

டிஃபரன்ஷியல் எப்படி வேலை செய்கிறது என்று இங்கே விளக்கப்போவதில்லை. டிராக்டர் ஓட்டியவர்களுக்கு அது தெரியும். ஒரு பக்கச் சக்கரம் சும்மா சுற்றும்போது குதிகாலால் லாக் பெடலை மிதிக்கிறோம், வண்டி கிளம்பியதும் காலை எடுத்துவிடுகிறோம், திருப்பும்போது மறந்தும் மிதிப்பதில்லை. ஜீப்பில் போடும் லாக்கரும் அதே வேலையைத்தான் செய்கிறது.

என்னை மிகவும் சங்கடப்படுத்தும் நம்பிக்கை ஒன்று உண்டு. "லாக்கர் போட்டாச்சு, இனி சேற்றில் மாட்டாது." இது தவறு. லாக்கர் பிடிமானத்தை உண்டாக்காது. இருக்கிற பிடிமானத்தைத்தான் பயன்படுத்திக்கொடுக்கும். ஒரு சக்கரம் கப்பியில், இன்னொன்று சேற்றில் என்றால் லாக்கருக்கு வேலை இருக்கிறது. சேற்றுச் சக்கரம் வீணாகச் சுற்றுவதை நிறுத்தி, கப்பியில் நிற்கும் சக்கரத்தை அது தள்ள வைக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் அப்படியே. ஆனால் ஐப்பசி மழையில் ஊறிய சம்பா வயல் பாதையில் நாலு சக்கரமும் ஒரே களியில் நிற்கின்றனவே, அங்கே எந்தச் சக்கரத்திடம் இருந்து பிடிமானத்தைக் கடன் வாங்குவது? ஒரு சக்கரம் குழி தோண்டிய இடத்தில் இப்போது இரண்டும் சேர்ந்து தோண்டும். முன்னேயும் லாக்கர் இருந்தால் நாலும் தோண்டும். ஆக்ஸில் கூடு மண்ணில் உட்கார்ந்துவிட்டால் எந்த லாக்கரும் தூக்கிவிடாது. நம் ஊர்க் களிமண் மேலே காய்ந்து வெடித்துக் கிடந்தாலும் அடியில் உளையாக இருக்கும். இறங்கி ஒரு குச்சியைக் குத்திப் பார்க்காமல் லாக்கர் சுவிட்சை நம்பி வண்டியை விடாதீர்கள்.

இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்ததுதான் ஆபத்து. நாம் அதிகம் ஓட்டுவது கரைகளில். வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு, குடமுருட்டி என்று எந்த ஆற்றை எடுத்தாலும் லயன் கரை என்கிற ஆற்றங்கரை மேட்டுப் பாதை உண்டு. நடுவில் மேடு, இரு பக்கமும் சரிவு, ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வாய்க்காலோ வயலோ. டயரிடம் இருக்கிற பிடிமானம் ஓர் அளவுதான். அதை முன்னால் தள்ளச் செலவழித்தால், பக்கவாட்டில் சரியாமல் தாங்குவதற்கு மீதி குறையும். லாக் இல்லாத பின் ஆக்ஸிலில் ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்றும்போது மற்றது கிட்டத்தட்ட சும்மா நிற்கும். அந்தச் சும்மா நிற்கிற சக்கரம்தான் வண்டியின் பின்பக்கத்தைக் கரைமேல் பிடித்துவைத்திருக்கிறது. லாக் போட்டுவிட்டால் இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் வழுக்கும். பக்கவாட்டில் தாங்க ஒன்றும் மிச்சம் இல்லை. பின்பக்கம் சரிவை நோக்கித்தான் போகும். அந்த ஜீப் வாய்க்காலுக்குள் போனது இப்படித்தான். ஓட்டியவர் தப்பாக ஒடிக்கவில்லை, வேகமாகவும் போகவில்லை. வெல்டிங் வைத்த டிஃபரன்ஷியலில் லாக்கை எடுக்கவே முடியாது என்பதால் அவருக்கு வேறு வழியே இல்லை.

அதனால் நம் பக்கத்து வண்டிக்கு லாக்கர் தேர்ந்தெடுக்கும்போது எனக்கு ஒரே அளவுகோல்தான்: வேண்டாத நேரத்தில் நீங்களே அணைத்துவிட முடிகிறதா?

வாங்கிப் போடுகிறவற்றில் அணைக்க முடிகிறவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று காற்றில் வேலை செய்வது, இன்னொன்று கரண்டில். ஏர் லாக்கருக்கு ஒரு சின்ன கம்ப்ரஸர் வேண்டும். அதே கம்ப்ரஸரால் டயருக்குக் காற்றும் அடித்துக்கொள்ளலாம், அது பெரிய வசதி. குறை என்னவென்றால் ஆக்ஸில் கூட்டுக்குப் போகும் மெல்லிய காற்றுக் குழாய். அறுவடை முடிந்த காலத்தில் வயலோரம் நிறுத்தும் வண்டியில் எலி முதலில் கடிப்பது அதைத்தான். கடித்தது தெரியாமல் சேற்றில் இறங்கி, சுவிட்சைப் போட்டு, லாக் விழாமல் தவித்துவிட்டு வருகிறார்கள். இறங்குவதற்கு முன்னால் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், காதை வைத்துச் சீறல் கேட்கிறதா என்று கவனியுங்கள். எலெக்ட்ரிக் லாக்கரில் குழாய்த் தொல்லை இல்லை. ஆனால் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் கனெக்டரைக் கவனிக்க வேண்டும். உப்புக் காற்றில் பச்சை பூத்துப்போகும். இரண்டில் எது என்று கேட்டால், ஒழுங்காகப் பொருத்த ஆள் கிடைக்கிற எதுவானாலும் சரி என்பேன்.

தானாக லாக் ஆகிறவற்றில் பல வகை உண்டு. மஹிந்திரா தார் (Thar) வண்டியின் சில வகைகளில் கம்பெனியிலிருந்தே பின் ஆக்ஸிலில் மெக்கானிக்கல் லாக் வருகிறது. பின் சக்கரம் இரண்டுக்கும் சுழற்சியில் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால் அது தானே பிடிக்கும், வேகம் கூடினால் பிடிக்காது. "லாக் வேலையே செய்யலை" என்று வருகிறவர்களில் பலர் சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுகிறவர்கள். அளவாக அழுத்திப் பிடித்தால்தான் 'டக்' என்று விழும். இதே வண்டியைக் கரையில் ஓட்டும்போது நேர்மாறாகச் செய்ய வேண்டும். சக்கரம் சுற்றவே விடாமல், மெதுவான கியரில், காலை லேசாக வைத்து நகர்த்த வேண்டும். சுற்றினால் அது தானே லாக் ஆகிவிடும், உங்களைக் கேட்காது. தார் ராக்ஸ் 4x4-ல் பின் லாக் எலெக்ட்ரானிக், நீங்கள் போட்டால்தான் விழும். ஃபோர்ஸ் குர்க்காவில் முன், பின் இரண்டுக்கும் கையால் போடும் லாக் கம்பெனியிலேயே வருகிறது. மாருதி ஜிம்னியில் லாக்கர் கிடையாது, சுற்றுகிற சக்கரத்துக்கு பிரேக் போட்டு மறு பக்கம் தள்ள வைக்கிறது. அதை மட்டமாக நினைக்காதீர்கள். நம் வயல் பாதைகளுக்குப் பெரும்பாலும் அது போதும்.

ஜிப்ஸிக்கும் பழைய ஜீப்புக்கும் வெளிநாட்டிலிருந்து தருவித்துப் போடும் மலிவான ஆட்டோமேட்டிக் லாக்கர்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தினமும் தார் ரோட்டில் ஓடும் வண்டிக்கு வேண்டாம். பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் இடையே மழை ஈரத்தில் ஒரு வளைவில் காலை அழுத்தி விட்டால், லாக் விழுந்து எடுக்கும்போது பின்பக்கம் ஒரு உதறு உதறும். பழகியவர் சமாளிப்பார். அன்றைக்கு வண்டியை எடுத்துப்போகிற உங்கள் மகனோ டிரைவரோ சமாளிப்பாரா?

கியராலேயே வேலை செய்யும் லிமிடட் ஸ்லிப் வகை ரோட்டுக்கு மிக இதமானது. ஒரு சக்கரம் முழுக்க அந்தரத்தில் தொங்கினால் மட்டும் கைவிட்டுவிடும். அப்போது பிரேக்கை லேசாகத் தொட்டபடி ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் பெரும்பாலும் கிளம்பிவிடும். பெரும்பாலும் ரோடு, எப்போதாவது வயல் என்று ஓட்டுகிற குடும்பஸ்தருக்கு நான் இதையே சொல்கிறேன்.

முன் ஆக்ஸிலுக்கு லாக்கர் நம் பக்கத்தில் தேவையே இல்லை. லாக் போட்டால் ஸ்டியரிங் கல்லாகிவிடும். ஒடித்தபடி அழுத்தினால் முன் ஷாஃப்டின் ஜாயின்ட் போய்விடும். அந்தக் காசுக்கு நல்ல மட் டயர் ஒரு செட் போடுங்கள். சாதாரண டயரின் வெட்டுக்குள் களி அடைத்துக்கொண்டால் அது வழவழ டயர்தான், லாக்கர் என்ன செய்யும்? கொள்ளிடம் படுகையில் மணலுக்குள் இறங்குகிறவர்கள் காற்றைப் பதினைந்து, பதினாறு பிஎஸ்ஐக்குக் குறைத்துப் பாருங்கள். லாக்கர் கேட்டு வந்த சிலரை இதைச் செய்யச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அவர்கள் லாக்கர் வாங்கவே இல்லை. ரோட்டுக்கு ஏறியதும் காற்றைத் திரும்ப அடித்துவிடுங்கள், அதே காற்றில் வேகமாகப் போகாதீர்கள்.

வாங்குவதென்று முடிவு செய்துவிட்டால் ஆக்ஸிலின் ஸ்ப்லைன் எண்ணிக்கை, கிரவுன் பினியன் ரேஷியோ (பல் விகிதம்) இரண்டையும் கழற்றி எண்ணிவிட்டு ஆர்டர் போடுங்கள். பழைய ஜீப்புகளில் எந்த வண்டி ஆக்ஸில் எதற்குள் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆர்சி புத்தகத்தைப் பார்த்து வாங்கி வந்த லாக்கர் பொருந்தாமல் அலமாரியில் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். நுணுக்கமாக அளந்து பார்க்கிற டயல் கேஜ் இல்லாத பட்டறையில் கிரவுன் பினியனைத் தொட விடாதீர்கள். பேக்லாஷை, அதாவது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கிற ஆட்டத்தை, கையால் ஆட்டிப் பார்த்து "சரியா இருக்கு" என்று சொல்கிறவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கம்பெனி உத்தரவாதம் முடியாத வண்டி என்றால் டீலரிடமும் இன்ஷூரன்ஸ்காரரிடமும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பிறகு கை வையுங்கள்.

ஷாஃப்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. லாக் இல்லாதபோது ஆக்ஸிலுக்கு வரும் விசையைப் பாதிப் பாதியாக இரண்டு ஷாஃப்டும் சுமக்கும். லாக் போட்டு ஒரு சக்கரம் மட்டும் கவ்வி நின்றால் மொத்தமும் அந்த ஒரே ஷாஃப்டில் ஏறும். லோ கியரில் அந்த விசை எவ்வளவு பெருகும் என்று யோசியுங்கள். லாக் போட்டுக்கொண்டு கிளட்சைப் பட்டென்று விடாதீர்கள். நகரவில்லை என்றால் நிறுத்துங்கள், டிராக்டரைக் கூப்பிடுங்கள். சங்கிலியை ஆக்ஸிலில் சுற்றாமல் சேஸிஸ் கொக்கியில் மாட்டச் சொல்லுங்கள், இழுக்கும்போது யாரும் சங்கிலிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

தண்ணீரில் இறங்கி வந்த வண்டியின் டிஃபரன்ஷியல் ஆயிலைப் பாருங்கள். சூடான கூடு குளிர்ந்த தண்ணீருக்குள் போனால் பிரீதர் என்கிற காற்றுத் துவாரம் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆயில் பால் கலந்த டீ மாதிரி ஆகியிருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். பிரீதரில் ஒரு குழாய் மாட்டி உயரத்துக்குக் கொண்டுபோக ஆகிற செலவு சொற்பம். லாக்கர் போட வருகிற எல்லோரிடமும் இதைச் சேர்த்துச் செய்யச் சொல்கிறேன், பாதிப் பேர் "அப்புறம் பார்க்கலாம்" என்று போய்விடுகிறார்கள்.

கடைசியாக, செகண்ட் ஹேண்டில் ஜீப் வாங்குகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். உள்ளே வெல்டிங் வைத்திருந்தால் வெளியே தெரியாது, விற்கிறவரும் சொல்ல மாட்டார். முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பின் சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். 4x4 லீவரை டூ வீலில் வைத்து, இன்ஜினை அணைத்து, கியரைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். இப்போது ஒரு பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்த் திசையில் சுற்றினால் டிஃபரன்ஷியல் திறந்துதான் இருக்கிறது. பிடித்த சக்கரம் அசையவே மறுத்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள், கூட்டைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கி வீட்டு வாசலில் நிற்கிறது என்றால், அதை மாற்றும்வரை கரைப் பக்கம் எடுத்துப்போகாதீர்கள்.