குரூப்ல ஒருத்தர் "வேணாம்"னு சொன்னா ஏன் இவ்ளோ கோவம் வருது?

ஷேர் புரோக்கர் ஆபீஸ்ல பதினஞ்சு வருஷமா உக்காந்திருக்கேன். கிளையன்ட்ஸ் நடத்தற நாலஞ்சு வாட்ஸ்அப் குரூப்ல என்னையும் சேத்துவிட்டிருக்காங்க, பெருசா பேச மாட்டேன், பாத்துட்டு மட்டும் இருப்பேன்.

யெஸ் பேங்க் ஷேர் ஞாபகம் இருக்கா? 2018 ஆகஸ்ட்ல 400 ரூபாய் தொட்டது. அங்கிருந்து 200, 100, 50னு இறங்க இறங்க குரூப்ல "சூப்பர் விலை, ஆவரேஜ் பண்ணுங்க"னு, அதாவது இன்னும் வாங்கி சராசரி விலையைக் குறைச்சுக்கோங்கன்னு, ஒரே உற்சாகம். வேறொரு பேங்க்ல ரிட்டயர் ஆன ஒருத்தர் மட்டும், "வாராக்கடன்ல ரிசர்வ் பேங்க் சொல்ற கணக்கும் இவங்க காட்டுற கணக்கும் ஒத்துப்போகல, கொஞ்சம் பாருங்க"னு போட்டாரு. அவ்ளோதான், "ஷார்ட் அடிச்சுட்டு (விலை விழுந்தா லாபம் வர்ற மாதிரி முன்னாடியே வித்து வெச்சுட்டு) வந்து பேசறீங்களா", "வயசானா பயம் வரத்தான் செய்யும்"னு ஆரம்பிச்சு கடைசில குரூப்ல இருந்தே தூக்கிட்டாங்க. அவர் சொன்ன கணக்கு சரியா தப்பான்னு ஒருத்தரும் எடுத்துப் பாக்கல.

2020 மார்ச் 5, ரிசர்வ் பேங்க் கேட்டு மத்திய அரசு மொரட்டோரியம் (தற்காலிகத் தடை) போட்டுச்சு, அந்த பேங்க்ல பணம் போட்டவங்க 50,000 ரூபாய்க்கு மேல எடுக்க முடியாதுன்னு. மறுநாள் ஷேர் ஒத்தை இலக்கத்துக்குப் போயிட்டு வந்துது. அப்புறம் 100 ஷேரும் அதுக்கு மேலயும் வெச்சிருந்தவங்களுக்கு 75 சதவீதத்தை மூணு வருஷத்துக்கு விக்கவே முடியாதபடி பூட்டியும் வெச்சாங்க.

இதுக்காக எதிர்த்துப் பேசறவங்க எப்பவும் சரின்னு நான் சொல்லல. அதே மனுஷன் தான் அந்த ஏப்ரல்ல "நிஃப்டி இன்னும் விழும், தொடாதே"ன்னு எங்கிட்ட சொன்னாரு, 50 பெரிய கம்பெனிகளோட ஷேரை வெச்சுப் போடற அந்தக் குறியீடு மார்ச்ல 7,500 கிட்ட கிடந்தது வருஷக் கடைசில 14,000 பக்கம் நின்னுது. ஆனா ரெண்டு தடவையும் காரணத்தோட பேசினாரு, அந்தக் காரணத்தை வெச்சு நாம சண்டை போடலாம், அவர் வயசை வெச்சு என்ன பண்றது?

யோசிச்சுப் பாத்தா இந்தத் தொழிலே கருத்து வேறுபாட்டுல தான் ஓடுது. நீங்க 100 ஷேர் வாங்கணும்னா அதே விலைக்கு எதிர்ப்பக்கம் ஒருத்தர் "போதும்டா சாமி"ன்னு வித்தாகணும். அவர் முட்டாளாத்தான் இருக்கணும்னு இல்ல, பொண்ணு கல்யாணமா இருக்கலாம். ஐடில இருக்கற 27 வயசுப் பையனுக்கு சரியா இருக்கற ஷேர், பென்ஷனை நம்பி இருக்கற அக்காவுக்கு ஆகாது, ரெண்டு பேரும் ஒரே குரூப்ல "நீ தப்பு, நான் சரி"ன்னு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அடிச்சுக்கறாங்க. முதல் வரிலயே "நான் இதை வெச்சிருக்கேன், அஞ்சு வருஷத்துக்கு"ன்னு போட்டுட்டா பாதி சண்டை அங்கயே முடிஞ்சிரும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. விழுந்த அன்னிக்கு வந்து "அப்பவே சொன்னேன்ல"ன்னு ஸ்மைலி போடறது. இதுல எனக்கு ரொம்பக் கோவம் வரும், ஏன்னா அதை வாங்கிக் கட்டிக்கிட்டவங்க அதுக்கப்புறம் யார்கிட்டயும் எதுவும் கேக்கறதில்ல, வீட்லயும் சொல்றதில்ல, நஷ்டத்தை மறைக்க மறுபடி காசு போடறாங்க. எங்கிட்ட வர்றப்போ நகைக்கடன் வரைக்கும் போயிருக்கும்.

அந்த ரிட்டயர்டு சாரை இன்னும் குரூப்ல சேத்துக்கல. வெள்ளிக்கிழமை மூணரைக்கு மார்க்கெட் முடிஞ்சதும் ஆபீஸுக்கு வருவாரு, டீ குடிச்சுக்கிட்டே நான் வாங்கலாம்னு வெச்சிருக்கறதை எல்லாம் வேணாம்பாரு. பாதி நேரம் நான் கேக்கறதில்ல, அவரும் கோவிச்சுக்கறதில்ல.