அரைப் புள்ளியும் அரசாங்கப் பணமும்

காரைக்குடியில் ஆடிட்டராக உட்கார்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வருமான வரி, ஜிஎஸ்டி, கோயில் கணக்கு, பங்காளிகள் டிரஸ்ட் கணக்கு என்று ஓடிக்கொண்டிருந்த அலுவலகத்துக்கு இப்போது வேறு வகை ஆட்களும் வருகிறார்கள். கையில் ஒரு கடிதம் இருக்கும், இல்லையென்றால் செல்போனில் ஒரு குறுஞ்செய்தி. உதவித்தொகை நிறுத்தப்பட்டது என்றோ, வாங்கியதைத் திருப்பிக் கட்டு என்றோ அதில் இருக்கும். பெரும்பாலும் என் கட்சிக்காரர்களின் கடையில் வேலை பார்ப்பவர்கள், வீட்டில் சமைப்பவர்கள். இவர்களிடம் ஃபீஸ் வாங்குவதில்லை. அதற்குப் பதிலாக இந்தக் கட்டுரையை எழுத அவர்கள் கதையை எடுத்துக்கொள்கிறேன், அடையாளத்தை மாற்றி.

முதலில் அரிசி ஆலையில் லோடு ஏற்றும் ஒரு பையன். அவனுடைய அப்பத்தா முதியோர் உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தார். மாதம் 1,200 ரூபாய். அப்பத்தா தவறிய பிறகும் பதினோரு மாதம் பணம் வந்துகொண்டே இருந்தது, இவன் எடுத்துக்கொண்டே இருந்தான். மொத்தம் 13,200. விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) கூப்பிட்டுக் கேட்டதும் பயந்துபோய் வந்துவிட்டான்.

"அப்பத்தா இருக்கும்போதே கார்டு என் கையிலதாண்ணே இருந்துச்சு. நான்தான் எடுத்துக் குடுப்பேன். அவங்க காசுதானே?"

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. அப்பத்தா உயிரோடு இருந்தவரை அது அவர் காசு. கண் மூடிய பிறகு வந்த மாதத்தொகை அவருடையதும் இல்லை, வாரிசுகளுடையதும் இல்லை. உதவித்தொகை சொத்து அல்ல, நபரோடு முடிகிற உரிமை. கணக்கில் ஏற்கெனவே கிடந்த மிச்சம் நாமினிக்கோ வாரிசுக்கோ போகும்; அதன்பின் வந்தது அரசாங்கம் தவறுதலாகப் போட்ட பணம். தவறுதலாகக் கொடுக்கப்பட்டதை வாங்கியவர் திருப்பித் தர வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு. இது சிவில் கடன். ஆனால் இறந்தவருடைய ஏடிஎம் கார்டைப் போட்டு, தெரிந்தே மாதாமாதம் எடுத்தால் அது கடனோடு நிற்காது. பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் பிறர் பொருளை நேர்மையின்றிக் கையாடுவதற்கு 314-ஆம் பிரிவு இருக்கிறது. ஏமாற்றிப் பணம் பெற்றார் என்று போனால் 318, அதில் ஏழு வருடம் வரை சிறைக்கு இடம் உண்டு. 13,200 ரூபாய்க்கு யாரும் ஏழு வருடம் போட மாட்டார்கள், சரி. ஆனால் எஃப்ஐஆரில் பெயர் வந்த பையனுக்குப் பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணையில் என்ன சிக்கல் வரும் என்பது, வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரில் இருக்கும் இந்தப் பக்கத்தில் விளக்க வேண்டியதில்லை.

இங்கே நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கோயில்களில் புள்ளிக் கணக்கு என்று ஒன்று உண்டு. கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. ஒருவர் காலமானால் அரைப் புள்ளி. புள்ளி வரி அந்தக் கணக்கில்தான். அரைப் புள்ளி ஆனதைக் கோயிலுக்குத் தெரிவிக்க யாரும் இ-சேவை மையத்தில் வரிசையில் நின்றதில்லை. சாவு வீட்டுக்கு வந்தவர்களே நாளைக்குக் கணக்குப் பார்ப்பவர்கள். அரசாங்கத்தின் பட்டியல் அப்படி இல்லை. கிராமத்தில் இறப்பைப் பதிவது விஏஓ. உதவித்தொகைப் பட்டியல் இருப்பது தாலுகா அலுவலகத்தில், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம். பணம் இருப்பது வங்கியில். இந்த மூன்றும் தாமாகப் பேசிக்கொள்ளும் என்று நம்பித்தான் பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். பேசிக்கொள்ளத்தான் செய்கின்றன, ஆனால் பதினோரு மாதம் கழித்து. அதற்குள் பணம் செலவாகியிருக்கும்.

பையனுக்கு என்ன செய்தோம்? இறப்புச் சான்றிதழ், பாஸ்புக் நகல், எந்தத் தேதியில் எவ்வளவு எடுத்தான் என்ற பட்டியல் மூன்றையும் வைத்து, தொகையை எந்தக் கணக்குத் தலைப்பில் கட்டுவது என்று கேட்டுத் தனி வட்டாட்சியருக்கு ஒரு கடிதம். வங்கிக்கு ஒரு நகல். இடையில் ஒருவர் வந்து, ஐயாயிரம் கொடுத்தால் ஃபைலை மூடிவிடலாம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறார். அப்படிக் கொடுத்திருந்தால் ஐயாயிரம் போயிருக்கும், 13,200 அப்படியே நின்றிருக்கும். செலானில் கட்டிய பணம் மட்டுமே கட்டிய பணம்.

அடுத்தது பிஎம் கிசான், நிலமுள்ள விவசாயிகளுக்கான மத்திய அரசின் உதவித்தொகை. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக. 2019-இல் தொடங்கியது. இதில் எனக்கு வருகிற கேஸ்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே மாதிரி. வீட்டுக்காரம்மா பெயரில் மூன்று ஏக்கர் நிலம். கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நிலம் மனைவியுடையது, பென்ஷன் கணவருடையது, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்து இ-சேவை மையத்தில் பதிந்துவிடுகிறார்கள். ஆனால் இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள். கணவருக்கு மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ அரசு ஓய்வூதியம் வந்தால் (கடைநிலை ஊழியர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு) மனைவிக்கும் தகுதி இல்லை. கடந்த மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர் வீட்டுக்கும் இல்லை. பதிவு செய்து தொழில் நடத்தும் டாக்டர், வக்கீல், என் மாதிரி ஆடிட்டர் வீடுகளுக்கும் இல்லை.

போன வருடம் வந்த ஓர் அம்மா ஒன்பது தவணை, 18,000 ரூபாய் வாங்கியிருந்தார். மனுவில் தகுதி உண்டு என்ற உறுதிமொழியில் யார் டிக் அடித்தது என்று கேட்டேன். "மையத்துல இருந்த பொண்ணுதான் அடிச்சுச்சு, நான் கைரேகை மட்டும் வச்சேன்" என்றார். இது மோசடியா? என் கணக்கில் இல்லை, பிழை. ஆனால் திருப்பிக் கட்ட வேண்டிய கடமை பிழைக்கும் உண்டு. திட்டத்தின் இணையதளத்திலேயே தொகையைத் திருப்பிச் செலுத்த வழி இருக்கிறது, தானாக விலகிக்கொள்ளவும் இருக்கிறது. கடிதம் வருவதற்கு முன் கட்டியவருக்கும், மூன்றாவது நினைவூட்டலுக்குப் பிறகு கட்டியவருக்கும் தொகை ஒன்றுதான். ஆனால் அதிகாரியின் மேஜையில் அந்த இரண்டு ஃபைலும் ஒன்றாகத் தெரியாது. தெரிந்த பிறகு என்ன செய்தார் என்பதை வைத்துத்தான் ஒருவருடைய எண்ணத்தை அளக்கிறார்கள், கோர்ட்டிலும் கூட.

உண்மையான மோசடி எப்படி இருக்கும் என்பதை இதே திட்டத்தில் 2020-இல் தமிழ்நாடு பார்த்தது. தானே பதிந்துகொள்ளும் வசதியைத் திறந்துவிட்ட நேரத்தில், அலுவலகக் கடவுச்சொற்கள் வெளியாட்கள் கைக்குப் போய், நிலமே இல்லாத லட்சக்கணக்கானோர் விவசாயிகள் ஆகிவிட்டார்கள். ஐந்தரை லட்சம் பேர், 110 கோடி ரூபாய் என்று அப்போது அரசே சொன்னது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம்தான் அதிகம். சிபிசிஐடி விசாரித்தது, ஊழியர்கள் வேலை இழந்தார்கள், வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டுப் பணம் பிடிக்கப்பட்டது. அந்தக் கணக்குக்காரர்களில் பலருக்குத் தங்கள் பெயரில் எந்தத் திட்டத்தின் பணம் வந்தது என்றே தெரியாது. கொரோனா பணம் என்று சொல்லி ஆதார் வாங்கிப் போயிருந்தார்கள். புரோக்கர் கமிஷனோடு நகர்ந்துவிட்டார், திருப்பிக் கட்டும் கடமை கணக்குக்காரரிடம் நின்றுவிட்டது. ஆதாரையும் பாஸ்புக்கையும் அடுத்தவர் கையில் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லும்போதெல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

அரசாங்கத்தின் கை எவ்வளவு நீளம் என்று கேட்கிறார்கள். நாம் நினைப்பதைவிட நீளம், ஆனால் மெதுவாக நீளும் கை. ஆதாரை வைத்து வருமான வரி, ஓய்வூதியம், நிலப் பதிவு, வாகனப் பதிவு எல்லாவற்றையும் ஒப்பிடலாம். தணிக்கை என்று வந்தால் சிஏஜி, அதாவது நாட்டின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர். ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டைப் பற்றிய 2023 அறிக்கையில், பத்து இலக்கமும் ஒன்பதாக இருக்கும் ஒரே செல்போன் எண்ணில் ஏறத்தாழ 7.5 லட்சம் பேர் பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள்தான். 2005-இன் ஊரக வேலை உறுதிச் சட்டம் தணிக்கை செய்வதைக் கிராம சபைக்கே கொடுத்தது, 17-ஆம் பிரிவில், சமூகத் தணிக்கை என்று. அதற்கு மேல், நிலவரி பாக்கி போல வசூலிக்கச் சட்டம் இடம் கொடுக்கும் தொகைகளுக்கு 1864-ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம். நம் ஊரின் பல பெரிய வீடுகளுக்கு மூத்த சட்டம் அது. ஜப்தி வரை போகலாம்.

பிரிட்டனில் 2025 தொடக்கத்தில் நாடாளுமன்றத்துக்கு வந்த சட்டத்தின் பெயரிலேயே மோசடி, பிழை, மீட்பு மூன்றும் இருக்கின்றன. உதவித்தொகை வாங்குவோரின் கணக்குகளில் தகுதி மீறல் தெரிந்தால் வங்கியே தெரிவிக்க வேண்டும், பாக்கியை வங்கிக் கணக்கிலிருந்தே நேராகப் பிடிக்கலாம் என்றெல்லாம் அதில் உண்டு. இதைப் படித்தபோது எனக்கு ஆஸ்திரேலியாதான் ஞாபகம் வந்தது. அங்கே ஒருவருடைய ஆண்டு வருமானத்தை இரண்டு வார வருமானமாகச் சமமாக வகுத்து, அதிகம் வாங்கிவிட்டாய் என்று லட்சக்கணக்கானோருக்கு இயந்திரமே கடன் கடிதம் அனுப்பியது. வேலை கிடைத்த மாதமும் கிடைக்காத மாதமும் அந்தக் கணக்கில் ஒன்று. கடைசியில் அது சட்டவிரோதம் என்று ஆகி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2023-இல் விசாரணை ஆணையம் அரசைக் கடுமையாகச் சாடியது. சராசரி போட்டு வருமானத்தை முடிவு செய்யக் கூடாது என்பது ஆடிட்டரிடம் பயிற்சிக்கு இருக்கும் ஆர்டிகிள்ஷிப் பையனுக்கே தெரியும்.

அதே பிழைக்கு நம் ஊர்ப் பதிப்பு ஒன்று இருக்கிறது. பெரிய வீட்டின் ஒரு பகுதியில் தனியாக இருக்கும் ஆச்சி. வயது ஐம்பதுக்குள். சீப்புச் சீடை, தேன்குழல் போட்டு ஆர்டருக்குக் கொடுத்துப் பிழைப்பு. மகளிர் உரிமைத்தொகைக்கு 2023-இல் மனுப் போட்டார், நிராகரித்துக் குறுஞ்செய்தி வந்தது. காரணம் மின்சாரம், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல். உண்மைதான். ஆனால் அந்த வீட்டுக்கு மீட்டர் ஒன்று, அடுப்பு நாலு. பிள்ளைகளுக்குக் கல்யாணமானதும் வேறு வைக்கிற, அதாவது தனிக் குடித்தனம் வைக்கிற வழக்கத்தில், ஒரே வளவுக்குள் ஆளுக்கொரு இரட்டை வீடு என்ற தனிப் பகுதி, தனிச் சமையல், தனி ரேஷன் கார்டு. வெளியிலிருந்து பார்க்கிற கணினிக்கு ஒரே அரண்மனை. கூட்டுப் பட்டாவிலும் இதே கதைதான். பதினான்கு பேர் பெயரில் பன்னிரண்டு ஏக்கர் முள்ளுக்காடு இருந்தால், பதினான்கு பேருமே பன்னிரண்டு ஏக்கர்க்காரர்களாகத் தெரிவார்கள்.

இந்த மாதிரிப் பிழையில் அரசாங்கத்துக்கு நஷ்டம் இல்லாததால் இதைப் பிழை என்று யாரும் கணக்கெடுப்பதில்லை, அதுதான் எனக்குக் கோபம். தகுதியில்லாதவர் வாங்கியதற்கு அறிக்கை உண்டு. தகுதியுள்ளவர் வாங்காததற்கு, அவரே வந்து கத்தினால்தான் உண்டு.

கத்துவதற்கு முறை இருக்கிறது. உரிமைத்தொகைக்கு நிராகரிப்புச் செய்தி வந்த 30 நாளுக்குள் வருவாய் கோட்டாட்சியருக்கு இ-சேவை வழியாக மேல்முறையீடு. எந்த ஆவணத்தை வைத்து நிறுத்தினார்கள் என்று தெரியாவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கலாம். ஏற்கெனவே வந்துகொண்டிருந்த தொகையை நிறுத்துவதானால் உங்கள் விளக்கத்தைக் கேட்டுவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். அது இயற்கை நீதி. அதனால் கடிதம் வந்தால் ஒளித்து வைக்காதீர்கள். கெடுவுக்குள் பதில் எழுதுங்கள், ஒரு பக்கம் போதும். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆச்சிக்கு அந்த 30 நாள் போய் வெகுகாலம் ஆகியிருந்தது, என்னிடம் வந்ததே தாமதம். நாலு ரேஷன் கார்டு நகல், தனித்தனிச் சிலிண்டர் ரசீது, மீட்டர் யார் பெயரில் என்ற விவரம் எல்லாம் வைத்துப் புதிய மனு போட்டிருக்கிறோம். தனி மீட்டருக்கும் விண்ணப்பிக்கலாம் என்றேன். அதற்கு மற்ற பங்காளிகள் கையெழுத்து வேண்டும். ஒருவர் கோலாலம்பூரில் இருக்கிறார், ஒருவர் பேச்சுவார்த்தையில் இல்லை.

"அரசாங்கத்துக்கிட்டக்கூட வாங்கிடலாம் போலருக்கு தம்பி" என்றார் ஆச்சி.