இன்சூரன்ஸ் அபராதம் கட்டாது

வேலையிடத்தில் ஓர் உயிர் போன பிறகு என்னிடம் ஆலோசனைக்கு வரும் முதலாளிகளில் பலர், உட்கார்ந்ததும் சொல்வது இதைத்தான்: "நம்முடையது லிமிடெட் கம்பெனி. இன்சூரன்ஸும் இருக்கிறது." போன வாரமும் ஒருவர் சொன்னார். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

இன்சூரன்ஸ் தருவது குடும்பத்துக்கான நஷ்டஈடு. அது சிவில் கணக்கு. வக்கீல் செலவைக்கூடப் பாலிசி ஏற்கலாம். ஆனால் பிரிட்டனில் 2008 ஏப்ரல் 6 முதல் அமலில் உள்ள சட்டப்படி, படுமோசமான அலட்சியத்தால் ஆள் இறந்தால் கம்பெனியே கிரிமினல் குற்றவாளி. அந்த அபராதத்தை எந்தப் பாலிசியும் கட்டாது. சட்டத்தில் அதற்கு உச்சவரம்பும் இல்லை.

"சின்னக் கம்பெனியைத் தொடுவார்களா?" இந்தச் சட்டத்தில் முதலில் தண்டிக்கப்பட்டதே சின்னக் கம்பெனிதான். காட்ஸ்வோல்ட் ஜியோடெக்னிக்கல் நிறுவனத்தின் இளம் புவியியலாளர் 2008-இல் மண் ஆய்வுக் குழிக்குள் தனியாக இருந்தபோது பக்கச்சுவர் சரிந்து இறந்தார். ஆளுயரத்தைத் தாண்டிய குழி, முட்டுக் கொடுக்கவில்லை. 2011-இல் அபராதம் 3,85,000 பவுண்டு, அந்தக் கம்பெனியின் ஓராண்டு வருமானத்தைவிட அதிகம். கம்பெனி மூழ்கிவிடும் என்ற வாதம் மேல்முறையீட்டிலும் எடுபடவில்லை.

அடுத்த சாக்கு, "சூப்பர்வைசர் கவனிக்கவில்லை." 1987-இல் பெல்ஜியத்தின் ஸீப்ரூக் துறைமுகத்தை விட்டு ஒரு கப்பல் முன்கதவு திறந்தபடியே கிளம்பிக் கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். கதவு மூடியதைக் காட்டும் விளக்கு வேண்டும் என்று கேப்டன்கள் முன்பே கேட்டும் நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை. ஆனாலும் கம்பெனி மீதான வழக்கு நிற்கவில்லை. மேலிடத்தில் குற்றம் சுமத்தத்தக்க ஒரு தனி ஆளைக் காட்ட முடியவில்லை. அந்த ஓட்டையைத்தான் புதிய சட்டம் அடைத்தது. இப்போது மேலிடம் வேலையை நடத்திய விதமே விசாரணைக்கு வரும்: அவசரப்படுத்தியது யார், செலவை வெட்டியது யார், புகாரைப் படித்தும் சும்மா இருந்தது யார்.

டைரக்டர்களும் தப்பிவிடவில்லை. அவர்கள் மீது தனி வழக்கு வரலாம். அதற்கு ஆயுள் தண்டனை வரை உண்டு.

ஆபத்து மதிப்பீட்டுத் தாளை வேறொரு இடத்திலிருந்து நகலெடுத்துக் கோப்பில் செருகாதீர்கள். கோர்ட்டில் அதுவே உங்களுக்கு எதிரான சாட்சி. மயிரிழையில் தப்பிய சம்பவங்களை எழுதி வையுங்கள். எழுதியதற்கு என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். பாதுகாப்புக்குப் பொறுப்பு எந்த டைரக்டர் என்று இன்றே பெயர் குறியுங்கள். தயவுசெய்து, "இது சரியில்லை, நிறுத்துங்கள்" என்று ஒரு தொழிலாளி சொன்னால், முதலில் வேலையை நிறுத்துங்கள். அப்புறம் பேசலாம்.