சோலார் கரண்டைப் பக்கத்து வீட்டுக்கு விற்கலாமா?

இப்போதைக்கு முடியாது. உங்கள் கூரையில் மிஞ்சுகிற கரண்டை வாங்குவதற்கு இங்கே ஒரே ஒரு ஆள்தான்: மின் விநியோகம் செய்பவர். யாழ்ப்பாணத்துக்கு அது மின்சார சபை, அல்லது அதன் இடத்துக்கு வரும் கம்பனி (இங்கே ‘சபை’ என்றே சொல்வோம்). சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டமும் 2025இல் அதற்கொரு திருத்தமும் வந்தன. அதனால் பில்லின் தலைப்பில் பெயர் மாறலாம், ஆனால் வீட்டுக்காரருக்கு வாங்குபவர் ஒருவர் என்ற நிலை மாறவில்லை. மதிலுக்கு மேலால் வயர் இழுத்து அடுத்த வளவுக்குக் கொடுத்து மாதாமாதம் காசு வாங்கினால், அது உரிமம் இல்லாமல் மின்சாரம் வழங்குவது. சட்டப்படி குற்றம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மின்சாரம் பெரும்பாலும் கிட்ட இருக்கிற பாவனைக்குத்தான் ஓடும். கொக்குவிலில் ஒரு வீட்டில் பகல் 12 மணிக்கு மிஞ்சும் கரண்ட் கொழும்புக்குப் போவதில்லை, அதே ஒழுங்கையில் யாருடைய ஃபிரிட்ஜையோ ஓட்டுகிறது. ஆக, பக்கத்து வீட்டுக்குக் கரண்ட் ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருக்கிறது. கணக்கு மட்டும் சபை வழியாகச் சுற்றி வருகிறது.

அந்தக் கணக்கை எழுத வீட்டுக்காரருக்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. விண்ணப்பிக்கும்போதே ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும்.

முதலாவது நெட் மீற்றரிங். இது ஒரு கைமாற்று. பகலில் கொடுத்த யூனிற்றை இரவில் திருப்பி எடுக்கிறீர்கள். மிஞ்சினால் அடுத்த மாதத்துக்குப் போகும், பத்து வருடம் வரை கணக்கில் நிற்கும், காசாகக் கைக்கு வராது. இரண்டாவது நெட் அக்கவுண்டிங். இங்கேயும் முதலில் யூனிற்றுக்கு யூனிற் கழியும், மிஞ்சியதற்குக் காசு வரும். மூன்றாவது நெட் பிளஸ். உற்பத்தி முழுவதையும் சபைக்கு விற்கிறீர்கள், வீட்டுப் பாவனைக்கு வழமைபோல் தனியாகப் பில் கட்டுகிறீர்கள். பின்னைய இரண்டும் 2016இல் தொடங்கிய ‘சூரியபல சங்கிராமய’ திட்டத்தோடு வந்தவை. ஒப்பந்தம் 20 வருடத்துக்கு.

விலைதான் வருடத்துக்கு வருடம் ஆட்டம் காட்டியது. 2016இல் சேர்ந்தவர்களுக்கு முதல் ஏழு வருடம் யூனிற்றுக்கு 22 ரூபா, பிறகு 15.50. 2022 நெருக்கடிக்குப் பிறகு 37 ரூபா ஆனது. 2025இல் 5 கிலோவாட் வரை 20.90, அதற்கு மேல் 20 கிலோவாட் வரை 19.61 என்று இறங்கியது. பழைய ஒப்பந்தக்காரர்களுக்குக் கையெழுத்திட்ட விலை தொடரும். “இவருக்கு 37, எனக்கு ஏன் 20?” என்று ஒரே ஒழுங்கையில் கேள்வி எழுவது இதனால்தான்.

எதை எடுப்பது? 5 கிலோவாட் தொகுதி ஒன்று மாதம் 550 யூனிற் தருகிறது, வீட்டுப் பாவனை 200 என்று வைப்போம். நெட் அக்கவுண்டிங்கில் பாவனைக்கான யூனிற் கட்டணம் போய்விடும், மிச்சம் 350 யூனிற்றுக்கு 7,315 ரூபா வரும். நெட் பிளஸில் 11,495 ரூபா வரும், ஆனால் 200 யூனிற்றுக்கு முழுப் பில் கட்ட வேண்டும். 180 யூனிற்றுக்கு மேலான கட்டணப் படியில் சபை நம்மிடம் எடுக்கும் விலை, நமக்குத் தரும் விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் ஏசி, மோட்டர் என்று பாவிக்கிற வீட்டுக்கு நெட் அக்கவுண்டிங்தான் சரி. மறுபக்கம், பிள்ளைகள் கனடாவில், அம்மா மட்டும் இரண்டு லைட்டோடு இருக்கிற பெரிய வீடுகள் நம் ஊரில் எத்தனை! அங்கே பாவனை யூனிற்றின் விலையே 20.90ஐ விடக் குறைவு. அதை ஏன் கழிக்க வேண்டும்? அந்த வீட்டுக்கு நெட் பிளஸ்.

இனி, பகல் சோலாரின் சிக்கலுக்கு வருவோம். பகலில் கரண்ட் வழிகிறது, இரவில் போதாது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பாவனை குறைந்த அந்த நாட்களில், பிற்பகல் 3 மணி வரை சோலாரை நிறுத்தி வைக்கும்படி சபை வீட்டுக்காரர்களிடமே கேட்டது. ஒழுங்கைக்குள்ளும் இதே சிக்கல் உண்டு. ஒரு ட்ரான்ஸ்போமரில் பலர் சோலார் போட்டால், வெயில் உச்சத்தில் லைனின் வோல்டேஜ் ஏறும். வழமையான அளவு 230 வோல்ட், அதற்கு மேல் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் இன்வேட்டர், அதாவது பனலின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி, தானாக நின்றுவிடும், பெரும்பாலும் லைனின் கடைசி வீட்டில். பனல் பழுது என்று கம்பனியோடு சண்டை பிடிக்க முன்னர், மதியம் இன்வேட்டரின் திரையில் வோல்டேஜைப் பாருங்கள்.

உள்ளூர் மின்சந்தை என்று வெளிநாடுகளில் பேசுவது இதற்கொரு மருந்தைத்தான். நியூயோர்க்கின் புரூக்ளினில் 2016இல் ஒரே தெருவுக்குள் வீட்டுக்கு வீடு விற்றுப் பார்த்தார்கள். இந்தியாவில் லக்னோவில் சோதனை நடந்தது. அரை மணிக்கொரு தரமோ அதற்கும் குறைவாகவோ பதியும் ஸ்மார்ட் மீற்றர் வேண்டும், வயரின் சொந்தக்காரருக்கு ஒரு வாடகை போகும், மிச்ச விலையை விற்பவரும் வாங்குபவரும் தீர்மானிப்பார்கள். இணுவில், உரும்பிராய்த் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். மத்தியானக் கரண்ட் மலிவாகக் கிடைத்தால் வெங்காயத்துக்கு இறைக்கிறவர் மோட்டரை அப்போது போடுவார். கிட்டவே பாவனை ஏறும், வோல்டேஜ் இறங்கும், இன்வேட்டர் நிற்காது. வாங்குபவருக்குச் சபை விலையை விடக் குறைவு, விற்பவருக்கு 20.90ஐ விடக் கூட. என் பார்வையில் யாழ்ப்பாணத்துக்கு இது பொருந்துவதற்குப் பனலை விட மோட்டர்தான் பெரிய காரணம். சட்டம்தான் இன்னும் வழி விடவில்லை.

இன்றைக்குக் கைக்கெட்டுவது பற்றரி. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை, பகலில் சேமித்த கரண்டைக் கொடுத்தால் யூனிற்றுக்கு 45.80 ரூபா தர 2025இல் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பகல் விலையின் இரட்டிப்புக்கும் மேல். பற்றரியின் விலையையும் ஆயுளையும் போட்டுப் பார்த்த பிறகே இறங்குங்கள், கடைக்காரர் தரும் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். இன்னொன்று: பற்றரி இல்லாத சாதாரண இன்வேட்டர், சபைக் கரண்ட் போனவுடன் தானும் நிற்கும். லைனில் வேலை செய்கிறவருக்கு ஷொக் அடிக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நல்ல வெயிலில், கூரை முழுக்கப் பனலோடு, ஃபேன் சுற்றாமல் வேர்த்துக்கொண்டு இருக்க வேண்டி வரும்.

விண்ணப்பம் உங்கள் பகுதி மின் பொறியியலாளர் அலுவலகத்தில். பனலுக்கு முற்பணம் கட்ட முதல், உங்கள் ட்ரான்ஸ்போமரில் இடம் இருக்கிறதா என்று அங்கே கேளுங்கள். மேலே சொன்ன மூன்று வழிகளிலும் தொகுதியின் அளவு உங்கள் இணைப்பின் ஒப்பந்த அளவை, அதாவது சபை உங்களுக்குத் தர ஒத்துக்கொண்ட உச்ச அளவை, மீற முடியாது. அப்புறம் மின் கணக்கு யார் பெயரில் என்றும் பாருங்கள். ஒப்பந்தம் கணக்குக்காரரோடுதான். இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே பில் வருகிற வீடுகள் பல, அங்கே பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிட்டுத்தான் சோலாரைப் பற்றிப் பேச வேண்டும்.