சர்க்யூட்: சுற்றா, மண்டலமா?

அமெரிக்க நீதித்துறைச் செய்திகளைத் தமிழில் எழுதுவோர் 'சர்க்யூட் கோர்ட்' என்பதை அப்படியே ஒலிபெயர்த்துவிடுகிறார்கள். நம் காதில் அச்சொல் மின்சுற்றையே நினைவூட்டுவதால், பெயரின் காரணம் மறைந்துபோகிறது. இலத்தீனில் 'சிர்க்கும்' என்றால் சுற்றி, 'இரே' என்றால் செல்லுதல். இவ்விரண்டும் சேர்ந்து 'சுற்றிவருதல்' என்ற பொருள் தந்த சொல்லே ஆங்கிலத்துக்கு வந்தது. 1176இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி நாட்டை ஆறு சுற்றுகளாகப் பகுத்து, நீதிபதிகளை ஊர் ஊராக அனுப்பினார். அம்முறை பின்னர் அமெரிக்காவிலும் வேரூன்றியது.

சொல்லின் பொருள் முழுமையாக விளங்க டேவிட் டேவிஸின் வாழ்க்கையைப் பார்ப்பது நல்லது. 1815இல் மேரிலாந்தில் பிறந்த அவர், இலினொய் மாநிலத்தின் புளூமிங்டனில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தி, மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகி, 1848 முதல் 1862 வரை அம்மாநிலத்தின் எட்டாம் சுற்றுக்கு நீதிபதியாக இருந்தார். ஒரு காலத்தில் 14 கவுண்டிகளை (மாநிலத்தின் உட்பிரிவுகளை) உள்ளடக்கியிருந்த அச்சுற்றை இளவேனிலில் ஒருமுறையும் இலையுதிர் காலத்தில் ஒருமுறையும் அவர் முழுமையாக வலம்வர வேண்டியிருந்தது. ஏறத்தாழ 300 பவுண்டு எடையுள்ள அந்த மனிதர் புல்வெளிச் சேற்றில் குதிரைவண்டியில் செல்ல, ஆபிரகாம் லிங்கன் உள்ளிட்ட வழக்கறிஞர்களும் உடன் பயணம் செய்து ஒரே விடுதியில் தங்கினர். தாம் வர இயலாத நாட்களில் டேவிஸ் லிங்கனையே நீதிபதி இருக்கையில் அமர்த்தியதும் உண்டு. நீதிமன்றமே மக்களைத் தேடி நடந்தது என்று சொல்வதில் மிகையில்லை.

1862இல் லிங்கன் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்த பிறகும் சுற்று ஓயவில்லை, ஏனெனில் அக்கால உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கும் சுற்று நீதிமன்றப் பணி உண்டு. இண்டியானாவில் அப்படி அவர் அமர்ந்து கேட்ட மில்லிகன் வழக்கே உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. குடிமை நீதிமன்றங்கள் திறந்திருக்கும் இடத்தில் குடிமக்களை இராணுவ நீதிமன்றம் விசாரிக்கலாகாது என்று அவ்வழக்கில் 1866இல் வந்த பெருந்தீர்ப்பை எழுதியவரும் அவரே. 1877இல் பதவி விலகி, 1883 வரை செனட் உறுப்பினராக இருந்தார்.

இனித் தமிழுக்கு வருவோம். 'வட்ட நீதிமன்றம்' என்பது பொருந்தாது. தமிழ்நாட்டில் வட்டம் என்றால் தாலுகா. டேவிஸ் வலம்வந்த மன்றத்துக்குச் 'சுற்று நீதிமன்றம்' என்பதே மிகச் சரியான சொல். ஆனால் கூட்டாட்சியின் பழைய சுற்று நீதிமன்றங்கள் 1912 தொடக்கத்தோடு ஒழிந்தன. இன்று 'சர்க்யூட்' என அழைக்கப்படும் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், ஒன்றைத் தவிர, வரையறுத்த நிலப்பகுதிகளுக்கு உரியவை, அவற்றின் நீதிபதிகள் பழையபடி ஊர் ஊராகச் சுற்றுவதில்லை. அவற்றைச் 'சுற்று' என்பது தமிழ் வாசகரைக் குழப்பும் என்பதால், 'மண்டல மேல்முறையீட்டு நீதிமன்றம்' என்பதையே நான் பரிந்துரைப்பேன். மண்டலம் என்ற சொல்லுக்கும் முதற்பொருள் வட்டம்தான். நாட்டுப் பகுதி என்ற பொருள் அதிலிருந்து விரிந்தது.