ராக்லெட்: வழித்து உண்ணும் பாலாடைக்கட்டி

ராக்லெட் என்பது சுவிட்சர்லாந்தின் தென்மேற்கில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே இருக்கும் வாலே மாநிலத்து உணவு. அதற்குப் பயன்படும் சீஸையும் அதே பெயரில்தான் அழைக்கிறார்கள்.

சொல் பிரெஞ்சு. ‘ராக்லே’ என்றால் வழித்தல், சுரண்டுதல். இதன் வேர் லத்தீன் ‘ராதெரே’. முகம் மழிக்கும் ரேசரும் அதே வேரில் கிளைத்ததுதான். பிரெஞ்சில் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீரை வழித்தெடுக்கும் ரப்பர் பட்டைக்கும் ராக்லெட் என்றே பெயர்.

செய்முறையைப் பார்த்தால் பெயர்க் காரணம் விளங்கிவிடும். காய்ச்சாத பசும்பாலில் செய்த, சுமார் 5 கிலோ எடையுள்ள வட்டக் கட்டியைப் பாதியாக வெட்டுவார்கள். வெட்டிய முகத்தைத் தணலுக்குக் காட்டினால் மேற்பரப்பு பளபளத்து, கொப்புளித்து, இளகித் தொங்கும். உடனே கட்டியைச் சாய்த்து, கத்தியின் முதுகால் ஒரே இழுப்பில் தட்டில் வழித்துவிடுவார்கள். தோலோடு அவித்த உருளைக்கிழங்கு, வினிகரில் ஊறவைத்த சிறு வெள்ளரி, சின்ன வெங்காயம், அவ்வளவுதான் துணை. ஆறினால் இறுகிவிடும், அதனால் தட்டு வந்ததும் சாப்பிட வேண்டும், அடுத்தவருக்காகக் காத்திருப்பது மரியாதை ஆகாது. ஓரத்தில் முறுகிய தோலுக்கு ‘ரெலிஜியூஸ்’, அதாவது கன்னியாஸ்திரி, என்று தனிப்பெயர் உண்டு. என்னைக் கேட்டால், அதுதான் முதலில் எடுக்க வேண்டியது.

ராக்லெட் என்பது உணவின் பெயரா, சீஸின் பெயரா என்ற கேள்வி சுவிஸ் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2007-இல் ‘வாலே ராக்லெட்’ என்ற பெயருக்கு மட்டுமே புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. வெறும் ராக்லெட் பொதுச்சொல்லாகவே நின்றது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘சுரண்டல்’ வேண்டாம், உழைப்புச் சுரண்டல்தான் நினைவுக்கு வரும். தவிர, காய்ந்து ஒட்டியதைத்தான் சுரண்டுவோம். இளகியதை, ஆட்டுக்கல்லில் மாவை எடுப்பதுபோல, வழிப்போம். ஆகவே ‘வழித்த பாலாடைக்கட்டி’ என்பதே பொருத்தம். ‘உருக்கிய பாலாடைக்கட்டி’ என்று எழுதுவதும் சரியில்லை. உருக்குதல் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து பிறந்தது ஃபாண்ட்யூ என்ற வேறொரு சுவிஸ் உணவின் பெயர். அந்தத் தமிழ்ச்சொல்லை அதற்கே விட்டுவிடலாம்.